16/330, கஜூர் ரோட்

வெள்ளவத்தையில், காலி வீதிக்கும் கடலுக்கும் நடுவே ஒரு தொடர்மாடி. மூன்றாம் மாடியில் எங்கட சிநேகிதன் ஒருத்தனின் வீடு. ஹோலில் ட்ரம் செட், ஜன்னலில் சாத்தி வைத்த மெத்தை, கதவிடுக்கில் துவாய். இவ்வளவு செய்தும் ஆறரை மணிக்குக் கீழ்வீட்டு அன்ரி மேலே வந்துவிடுவா. "தம்பியவை, பிள்ளைக்கு ஓஎல் சோதினை வருது." அவவில் பிழை சொல்லவும் ஏலாது. கடைசியில் பெடியள் என்ன செய்தார்கள் எண்டால், ட்ரம்ஸைக் கொம்பியூட்டரில் அடித்து, கிற்றாரை ஒருவன் தன் வீட்டில் வாசித்து அனுப்ப, பாடகன் போர்வைக்குள் தலையை விட்டுப் பாடி, துண்டு துண்டாக ஒரு பாட்டை ஒட்டி எடுத்தார்கள். பாட்டில் ஒரு பிழையும் இல்லை. நாலு பேர் சேர்ந்து வாசித்த மாதிரியும் இல்லை.

அதைக் கேட்ட இரவுதான் டெல்லியின் 'இந்தியன் ஓஷன்' இசைக்குழு ஞாபகம் வந்தது. அவர்களிடம் இருந்ததும் எங்கட பெடியளிடம் இல்லாததும் ஒரு வீடு.

கிற்றார் வாசித்த சுஷ்மித் சென்னும், தபேலா வாசித்துக்கொண்டே பாடிய அஷீம் சக்ரவர்த்தியும் 1980களில் சந்தித்துச் சேர்ந்து வாசிக்கத் தொடங்கியவர்கள். 1990இல் குழு உருவானது. அடுத்த வருடம் பேஸ் கிற்றாருக்கு ராகுல் ராம், 1994இல் ட்ரம்ஸுக்கு அமித் கிலம். ராகுல் ராமின் கதை தனிக் கட்டுரைக்கு உரியது: அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகத்தில் சூழல் நச்சியலில் கலாநிதிப் பட்டம் எடுத்துவிட்டு வந்து, நர்மதா அணைக்கு எதிரான போராட்டத்தில் இறங்கிய மனிசன். 'மா ரேவா' எண்ட அவர்களின் பாட்டு அந்த ஆற்றங்கரை மக்களிடமிருந்து வந்தது. 'கந்தீசா' கேரளத்து சிரியன் கிறிஸ்தவர்களின் பழைய துதிப்பாடலிலிருந்து பிறந்தது. கொட்டாஞ்சேனையில் கோயில் மணிச் சத்தத்துக்குள் வளர்ந்தவர்கள் அதை ஒருக்கால் கேட்டுப் பார்க்கவேணும்.

இவர்கள் பல வருடங்கள் ஒன்றுகூடி வாசித்த இடம் கரோல் பாக்கில் இருந்த ஒரு பழைய பங்களா. கரோல் பாக் எண்டால் எங்கட புறக்கோட்டை மாதிரி நெரிசலான கடைப்பகுதி. நூறு வருடப் பழைய வீடு எண்டு அதைச் சொல்வார்கள். இலக்கம் 16/330, கஜூர் ரோட். ஜெய்தீப் வர்மா எடுத்து 2010இல் திரைக்கு வந்த 'லீவிங் ஹோம்' ஆவணப்படத்தில் அந்த வீட்டைப் பார்க்கலாம். நாலு பேரும் அங்கேயே இருந்து முழுப் பாட்டுகளை நேரடியாக வாசிக்கிறார்கள். மேடை இல்லை, கைதட்டல் இல்லை. ஒருத்தரின் கண்ணை மற்றவர் பார்த்துக்கொண்டு வாசிக்கிற தூரம்.

இப்படி ஒரே அறையில் ஒரே நேரத்தில் வாசித்துப் பதிவதில் என்ன சிக்கல் எண்டு பாருங்கோ. ட்ரம் சத்தம் பாடுகிறவரின் மைக்குக்குள் போகும். கிற்றார் சத்தம் தபேலாவின் மைக்குக்குள் கசியும். பாடகர் ஒரு வரியில் பிசகினால் அந்த வரியை மட்டும் வெட்டித் திருத்த ஏலாது, அதற்குள் ட்ரம்ஸும் கிடக்கும். நாலு பேரும் திரும்ப முதலிலிருந்து வாசிக்கவேணும். அதனால்தான் 1960களின் கடைசியிலிருந்து உலகம் முழுக்க ஸ்டூடியோக்கள் வாத்தியங்களைத் தனித்தனித் தடங்களில் பிரித்துப் பதியப் போயின. லாபம் பெரிசு. ஆனால் பாடகர் மூச்செடுக்கிறதைக் கண்டு ட்ரம்ஸ்காரர் ஒரு இமைப்பொழுது பிந்தி அடிக்கிறாரே, அது தனித்தனியாகப் பதியும்போது வராது. முன்னமே பதிந்து வைத்த தாளம் ஒருத்தருக்காகவும் பிந்தாது.

தபேலாவும் ட்ரம் செட்டும் ஒரே குழுவில் இருப்பது லேசான விசயம் இல்லை. ஒன்று கையால் வாசிக்கிற நுணுக்கமான வாத்தியம், மற்றது அறையையே நிரப்புகிற சத்தம். அஷீமும் அமித்தும் ஒருத்தருக்கொருத்தர் இடம் விட்டு வாசிக்கிறதை ஒரு நாள் ஒத்திகையில் பழக முடியாது. மணித்தியாலக் கணக்கில் காசு கட்டும் ஸ்டூடியோவில் நிச்சயமாக முடியாது.

அவர்களின் இரண்டாவது அல்பமான 'டெசர்ட் ரெய்ன்' ஸ்டூடியோவில் எடுத்ததே இல்லை. 1997 ஜனவரி 1இல் டெல்லியில் சஹ்மத் அமைப்பு நடத்திய நிகழ்ச்சியில் வாசித்ததன் நேரடிப் பதிவு அது. 1989இல் அதே ஜனவரி 1ஆம் திகதி, வீதி நாடகம் நடித்துக்கொண்டிருந்தபோது தாக்கப்பட்டு அடுத்த நாள் இறந்த சஃப்தர் ஹஷ்மியின் நினைவாக உருவான அமைப்பு அது.

காசு இருந்தால் அறையும் கிடைக்கும் எண்டு நினைக்கிறவர்களுக்கு பீட்டில்ஸின் கதை இருக்கிறது. 1969 ஜனவரியில் ஒட்டு வேலை இல்லாமல் நேரடியாக வாசித்து ஒரு அல்பம் எடுப்பம் எண்டு தொடங்கினார்கள். முதலில் போனது ட்விக்கன்ஹாம் சினிமா ஸ்டூடியோவுக்கு. குளிர், பெரிய வெறும் மண்டபம், சுற்றிவரக் கமெரா. ஜனவரி 10இல் ஜோர்ஜ் ஹரிசன் எழும்பிப் போய்விட்டார். திரும்பி வர அவர் கேட்டவற்றில் ஒன்று, அந்த இடத்தை விட்டு லண்டன் சவில் ரோவில் இருந்த சொந்தக் கட்டடத்தின் நிலவறைக்குப் போவது. அங்கே அலெக்ஸ் மார்டாஸ் எண்டவர் உலகத்திலேயே புதுமையான ஸ்டூடியோ கட்டித் தருவதாகச் சொல்லியிருந்தார். போய்ப் பார்த்தால், வாசிக்கிற அறைக்கும் கட்டுப்பாட்டு அறைக்கும் இடையில் வயர் போக ஓட்டைகூட இல்லை! ஈஎம்ஐ கம்பனியிலிருந்து கருவிகளைக் கடன் வாங்கித்தான் வேலை தொடங்கியது.

ஆனால் அந்த அரைகுறை நிலவறையில்தான் பாட்டுகள் உயிர் பெற்றன. பில்லி பிரெஸ்டன் வந்து கீபோர்ட்டில் இருந்ததும் நாலு பேரும் சண்டையைக் குறைத்துக்கொண்டார்கள். (வீட்டுக்கு விருந்தாளி வந்தால் எங்கட வீடுகளிலும் அதுதானே நடக்கிறது.) ஜனவரி 30இல் மொட்டை மாடியில் ஏறி வாசித்தபோது அதைப் பதிந்த கருவியும் கீழே அந்த நிலவறையில்தான் இருந்தது. ஒட்டு வேலை இல்லை எண்ட வாக்குத்தான் நிலைக்கவில்லை: 1970இல் ஃபில் ஸ்பெக்டர் சில பாட்டுகளுக்கு மேல் வயலின் கூட்டமும் கோரஸும் ஏற்றினார். போல் மக்கார்ட்னிக்கு அந்தக் கோபம் ஆற, அவை இல்லாத பதிப்பு 2003இல் வரவேண்டியிருந்தது.

கொழும்புக்கு வருவம். எங்களிடம் பாட்டு இல்லாமல் இல்லை. 1970இல் வந்த அரசாங்கம் இறக்குமதியை இறுக்கியதில் இந்தியப் படங்களும் சஞ்சிகைகளும் குறைந்துபோக, உள்ளூர்க் குரல்களுக்கு இடம் கிடைத்தது. பைலாத் தாளத்தில் தமிழ்ப் பொப் பாட்டு பிறந்தது. நித்தி கனகரத்தினத்தின் 'சின்ன மாமியே', ஏ.ஈ. மனோகரனின் 'சுராங்கனி' எல்லாம் வானொலியில் தேய்ந்தன. 'சுராங்கனி' 1977இல் 'அவர் எனக்கே சொந்தம்' படம் மூலம் தமிழ்நாட்டுச் சினிமாவுக்கும் போனது. ஆனால் அந்த நாளில் ஒலிப்பதிவுக் கருவி இருந்த இடங்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. வானொலிக் கலையகம், சினிமா ஸ்டூடியோ, இசைத்தட்டுக் கம்பனி பிடித்துத் தரும் நேரம். நாலு பேர் சேர்ந்து வாசித்ததும் ஒரே மூச்சில் பதிந்ததும் அங்கேயும்தான். ஆனால் கடிகாரம் இன்னொருத்தருடையது.

சொந்தமாகக் கட்டியவர்களுக்கு என்ன நடந்தது எண்டதும் எங்கட சரித்திரத்தில் இருக்கிறது. கொட்டாஞ்சேனையிலிருந்து வடக்கே போய்க் களனி ஆற்றைக் கடந்தால் ஹெந்தளை. அங்கே கே. குணரத்தினம் எண்ட தமிழரின் விஜயா ஸ்டூடியோ இருந்தது. சிங்கள சினிமாவுக்கே முக்கியமான இடம். 1983 ஜூலையில் அதை எரித்தார்கள். உள்ளே இருந்த படச்சுருள்களும் சேர்ந்து எரிந்தன. அதற்குப் பிறகு கொழும்பில் ஒரு தமிழ்ப் பெடியன் சத்தமாக ட்ரம்ஸ் அடிக்கிறதுக்கு ஒரு வீட்டைத் தேடுவது, வாடகைப் பிரச்சினை மட்டுமாக இருக்கவில்லை.

அஷீம் சக்ரவர்த்தி 2009 டிசம்பர் 25இல் மாரடைப்பால் இறந்தார். அவர் வாசித்துப் பாடியிருந்த பாட்டுகளைக் குழு 2010 ஜூலையில் தொடங்கி மாதம் ஒன்றாக இணையத்தில் இலவசமாக விட்டது. அல்பத்துக்கு வைத்த பெயர் '16/330 கஜூர் ரோட்'. வீட்டு விலாசம், அவ்வளவுதான்.

எங்கட பெடியள் இப்ப கொட்டாஞ்சேனையில் ஒரு பழைய வீட்டின் பின்னறையைப் பார்த்திருக்கிறார்கள். தடித்த சுவர், பக்கத்தில் பூட்டிக் கிடக்கும் களஞ்சிய அறை. ஆறு மாத அட்வான்ஸ் கேட்கிறார்கள். வீட்டுக்கார ஐயா ட்ரம் செட்டின் படத்தை ஃபோனில் பார்த்துவிட்டுக் கேட்ட ஒரே கேள்வி: "எத்தனை மணிக்கு நிப்பாட்டுவியள்?"