கூடம் என்றொரு குற்றம்

காதுக்குள் பொருத்திக் கேட்கும் கருவிகளைப் பற்றி நண்பர்கள் பேசும்போதெல்லாம் பேஸ், மிட், ட்ரெபிள், மஃபிள்டு என்ற சொற்களே வந்து விழுகின்றன. ஓசையின் தரத்தைச் சொல்லத் தமிழில் சொல் ஏது என்று அவர்களுள் ஒருவர் கேட்டுவிட்டார். நாம் சிலப்பதிகாரத்தின் வேனிற்காதையைப் புரட்ட நேர்ந்தது அதனால்தான்.

காவிரி கடலொடு கலக்கும் புகாரில், கோவலன் பிரிந்த பின், மாதவி மேல்மாடத்தில் யாழோடு அமர்கிறாள். இசைக்குமுன் நான்கு பகைகளை நீக்க வேண்டும் என்கிறது காப்பியம்: செம்பகை, ஆர்ப்பு, கூடம், அதிர்வு. இவற்றின் பொருளை நமக்குக் காட்டுபவர் உரையாசிரியர் அடியார்க்குநல்லார். அவ்வுரையோடு சிலம்பை 1892இல் அச்சேற்றிய உ.வே.சாமிநாதையர் அப்போது கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியர். ஆகச் சொல் பிறந்ததும் மீண்டதும் ஒரே ஆற்றின் கரையில்.

ஆர்ப்பு என்பது அளவு மீறி ஒலிப்பது. பேஸ் மிகுந்து காதை அடைக்கும் கருவிக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் வேண்டுமா? கூடம் என்பது வீட்டின் கூடமன்று. ஓசை தெளிவாக வெளிவராமல் மழுங்கிக் கிடப்பது. மஃபிள்டு என்று நண்பர் முகஞ்சுளித்தது இதைத்தான். அதிர்வு, இழுமென ஒழுகாமல் சிதறி உடையும் ஓசை. செம்பகை மட்டும் இங்கே பொருந்தாது. அது பண்ணோடு இசையாத ஓசை; பாடகர் சுருதி விலகினால் பாவம், கருவி என்ன செய்யும்?

மெலிவு, சமன், வலிவு என்பவற்றை பேஸ், மிட், ட்ரெபிளுக்கு நேராக வைக்கும் ஆசையும் நமக்கு எழுந்தது. ஆனால் அவை மந்தரம், மத்திமம், தாரம் என்னும் தானங்கள். ஒருவர் மெலிவில் பாடினாலும் அக்குரலின் மேலதிர்வுகள் ட்ரெபிள் வரை ஏறி நிற்கும். எனவே ஆசையை விட்டுவிட்டோம்.

உரையில் நம்மை நிறுத்திய இடம் வேறு. இக்குற்றங்கள் மரத்திலிருந்தே பிறக்கின்றனவாம். நீரில் நின்ற மரமும், அழுகியதும், வெந்ததும், இடி விழுந்ததும் யாழுக்கு ஆகா. மீட்டும் கையைப் பழிக்குமுன் மரத்தைப் பார்க்கச் சொல்லும் இந்த எண்ணம் டெல்டாவை விட்டு இன்னும் போய்விடவில்லை. தஞ்சாவூர் வீணைக்குப் பலாமரம். கும்பகோணத்தை அடுத்த நரசிங்கம்பேட்டையில் நாகசுரம் கடைபவர்கள் புது ஆச்சாமரத்தை நாடுவதில்லை. பழைய வீடுகளைப் பிரிக்கும்போது கிடைக்கும், பல்லாண்டு உலர்ந்த ஆச்சா உத்தரங்களையே தேடி வாங்குகிறார்கள்.