நிறத்தால் பெயர்பெற்ற கட்டி

பெயரிட்டவர் எதனைக் கண்டார் என்பதைப் பெயரே காட்டிவிடும். பழந்தின்னி வௌவாலைக் குறிக்கும் மலாய்ச் சொல்லே நம் குளுவாங்கிற்குப் பெயராயிற்று. நோய்ப் பெயர்களும் இவ்வாறு கண்ணுக்குப் பட்டதைக் கொண்டு அமைவதுண்டு.

சிறுநீரகத்தின் மேலமர்ந்த அண்ணீரகச் சுரப்பியில் அரிதாகத் தோன்றும் ஒரு கட்டிக்கு 1912-இல் 'ஃபியோகுரோமோசைட்டோமா' எனப் பெயரிட்டார் செருமானிய நோயியலறிஞர் லுட்விக் பிக். குரோமிய உப்புப் பட்டதும் கருமை கொள்ளும் உயிரணுக்களின் கட்டி என்பது பொருள். நிறத்தைச் சொன்ன பெயர் செயலைச் சொல்லவில்லை. அட்ரினலின் முதலிய இயக்குநீர்களைத் திடீரெனக் குருதியில் கொட்டுவதே அதன் செயல். ('ஹார்மோன்' என்னும் சொல்லை 1905-இல் வழங்கியவர் எர்னஸ்ட் ஸ்டார்லிங். இயக்குவது என்னும் அதன் கிரேக்க மூலப்பொருளை 'இயக்குநீர்' முழுமையாகத் தாங்குகிறது; ஈழத்து 'ஓமோன்' ஒலியை மட்டுமே தருகிறது.)

ஃபிரைபர்க்கில் 18 வயதுப் பெண்ணொருத்தியிடம் இந்நோயை ஃபெலிக்ஸ் ஃபிராங்கெல் பதிவுசெய்தது 1886-இல். கட்டியை அறுத்தகற்றிய முதல் வெற்றிகள் 1926-இல், ரூ, மாயோ எனும் அறுவை வல்லுநர்களால் கிடைத்தன. யாழ்ப்பாணத்து மானிப்பாயில் மருத்துவர் கிறீன் 'பிரசவ வைத்தியம்' வெளியிட்ட 1857-இல் இந்நோய்க்கு எம்மொழியிலும் பெயரில்லை.

கருவுற்ற தாய்க்கு இக்கட்டி வரின் இடர் இரட்டிப்பாகும். குருதியழுத்தம் ஏறுவதால் வழக்கமான பேறுகால உயர் அழுத்த நோயென்றே கருதப்படும். அந்நோய் பெரும்பாலும் 20 வாரங்களுக்குப் பின் வரும். சிறுநீரில் புரதமும் காணப்படும். கட்டியின் தாக்குதலோ எவ்வாரத்திலும் வந்து வந்து போகும். ஐயம் எழுந்தால் குருதியிலோ சிறுநீரிலோ மெட்டாநெஃப்ரின் அளவைக் காண்பர், கதிர்வீச்சில்லாத எம்.ஆர்.ஐ. படத்தால் இடத்தை அறிவர்.

மருந்தின் வரிசை இங்கு உயிர்நாடி. நாளங்களைச் சுருக்கும் ஆல்ஃபா ஏற்பிகளை முதலில் தடுக்க வேண்டும். இதயத் துடிப்பைத் தணிக்கும் பீட்டா தடுப்பு அதன்பின்பே. மாற்றித் தந்தால் நாளங்கள் மேலும் இறுகி அழுத்தம் எகிறும். பொதுவாக 24 வாரங்களுக்கு முன் தெரிந்தால் அறுவை; பின்னரெனில் மருந்தால் காத்து, பேற்றின்போதோ அதன் பின்னரோ அகற்றுவர். அறியாமல் விட்டால் தாய்க்கும் சேய்க்கும் உயிரிழப்பு மிகுதி; முன்னறிந்து மருந்தளித்தால் தாயின் இறப்பு மிக அரிது.

அந்த அறிதல் பெரும்பாலும் ஒரு சொல்லில் தொடங்குகிறது. 'படபடப்பு' என்னும் தமிழ்ச்சொல் அச்சத்தையும் குறிக்கும், இதயத் துடிப்பையும் குறிக்கும். மலாயின் 'பெர்டெபார்' என்பதும் அப்படியே. மருத்துவமனையில் தாய்க்கு மொழிபெயர்க்கும் மாணவர் 'பயமாக இருக்கிறதாம்' என்று நிறுத்திவிடலாகாது. தலைவலி, வியர்வை, நெஞ்சுத் துடிப்பு மூன்றும் ஒருசேர வந்து போகின்றனவா, எத்தனை நிமிடம் நீடிக்கின்றன என்று அன்னையிடம் கேட்டு, அதனையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.