ஈட்டியெறிந்த வீராங்கனையும் மகளிர் விளையாட்டும்

விளையாட்டு வீரரின் புகழ் பெரும்பாலும் அவர் வென்ற நாளோடு முடிந்துவிடுகின்றது. அடுத்த விழாவில் வேறொருவர் வெல்ல, முன்னவர் பெயர் பட்டியலில் ஒரு வரியாகச் சுருங்குகின்றது. தாம் வென்ற களத்திலே தமக்குப் பின் வருவோர்க்கும் இடம் வேண்டுமென்று உழைத்தவர் சிலரே. அச்சிலருள் ஒருவர் செக்கோசிலவாக்கிய நாட்டு ஈட்டியெறி வீராங்கனை டானா ஸாட்டொப்கோவா அம்மையார். அவர் வரலாற்றை நம் இளைஞர்க்கும் பெரியோர்க்கும் இம்மலர் வாயிலாக எடுத்துரைக்க விழைகின்றோம்.

அவர் பணியின் அருமையை உணர, அதற்கு முந்திய நிலையை அறிதல் வேண்டும். 1896இல் ஏதென்ஸ் நகரிலே புத்துயிர் பெற்ற ஒலிம்பிக் விழாவிற் பெண்களுக்கு இடமில்லை. பிரான்சு தேசத்து அலிஸ் மில்லியா அம்மையார் 1921இல் மகளிர்க்கென ஒரு சர்வதேசச் சம்மேளனத்தை நிறுவி, மறு ஆண்டு பாரிஸ் நகரிலே தனி விழா நடத்திக் காட்டிய பின்னரே உலகம் சற்று அசைந்தது. 1928இல் அம்ஸ்டர்டாம் விழாவில் மெய்வல்லுநர் போட்டிகளுள் ஐந்து மட்டும் பெண்களுக்குத் திறந்துவிடப்பட்டன.

அவ்வைந்தில் ஒன்று 800 மீற்றர் ஓட்டம். ஓடி முடித்த பெண்களுட் சிலர் களைத்துத் தரையிற் சாய்ந்ததைக் கண்ட பத்திரிகைகள், பெண்ணுடல் இதனைத் தாங்காதென்று கூக்குரலிட்டன. இறுதிப் போட்டியில் ஓடிய ஒன்பதின்மரும் எல்லைக் கோட்டைக் கடந்தனர். வென்ற ஜேர்மனியப் பெண் லீனா ராட்கே உலக சாதனையே நிலைநாட்டினார். எனினும் அவ்வோட்டம் 32 ஆண்டுகள் மகளிர்க்கு மறுக்கப்பட்டது. ஆடவர் களைத்து வீழ்ந்தால் வீரம், பெண்டிர் களைத்து வீழ்ந்தால் பலவீனம் என்பதே அக்கால நியாயம் போலும்!

இத்தகைய காலத்திலே 1922ஆம் ஆண்டு செப்டெம்பர் 19ஆந் திகதி டானா பிறந்தார். பிற்காலத்தில் அவர் கணவராகிய புகழ்பெற்ற ஓட்ட வீரர் எமில் ஸாட்டோபெக் பிறந்ததும் அதே நாள் என்பது வியப்புக்குரியது. முதலிற் கைப்பந்தாட்டத்தில் ஈடுபட்ட டானா, பின்னர் ஈட்டியைக் கையிலெடுத்தார். 1948இல் லண்டன் விழாவில் அவர் பெற்றது ஏழாம் இடமே. அவர் மனந்தளரவில்லை.

1952ஆம் ஆண்டு ஜூலை 24ஆந் திகதி ஹெல்சிங்கி நகரிலே எமில் 5,000 மீற்றர் ஓட்டத்தில் வென்றார். கணவர் பெற்ற தங்கப் பதக்கத்தை நற்சகுனமாகத் தம் பைக்குள் வைத்துக்கொண்டு டானா களம் புகுந்தார். 50.47 மீற்றர் எறிந்து தங்கம் வென்றார். தம் வெற்றி தந்த ஊக்கமே மனைவியின் வெற்றிக்குக் காரணமென எமில் வேடிக்கையாகச் சொன்னபோது, அப்படியானால் வேறொரு பெண்ணுக்கு ஊக்கமூட்டி, அவள் 50 மீற்றர் எறிகின்றாளா என்று பாரும் எனும் பொருள்பட அவர் பதிலிறுத்தாராம். நகைச்சுவையேயாயினும், தம் உழைப்பின் பயன் தம்முடையதே என்ற உரிமைக் குரல் அதிலே ஒலிக்கின்றதன்றோ?

வயதேறியும் அவர் கை சோரவில்லை. 1958இல், தமது 35ஆம் வயதில், 55.73 மீற்றர் எறிந்து உலக சாதனை படைத்தார். 1960இல் றோம் விழாவில், 38 வயதை எட்டும் தறுவாயில், வெள்ளிப் பதக்கம் பெற்றார். பெண்ணுடல் தாங்காதென்றோர்க்கு இதனினும் சிறந்த மறுமொழி யாது?

அதன்பின் அம்மையார் பயிற்றுநரானார். ஈட்டியெறிதல் வெறும் புயவலிமையன்று; ஓடிவரும் வேகம் காலிலிருந்து இடைக்கும், இடையிலிருந்து தோளுக்கும் ஏறி, ஈற்றிலே கை வழியே ஈட்டியைச் சேரவேண்டும். இந்நுட்பம் பிறவியில் வருவதன்று, கற்று வருவது. கற்பிப்போரின்றி வீராங்கனைகள் தோன்றுவதில்லை.

கற்றவர்க்குக் களமும் வேண்டுமன்றோ? 1960 முதல் 1972 வரை அவர் சர்வதேச மெய்வல்லுநர் சம்மேளனத்தின் மகளிர் குழுவில் அங்கத்தவராயிருந்து பணியாற்றினார். இடையில், 1968இன் அரசியற் புயலிலே எமில் தம் இராணுவப் பதவியை இழந்து அல்லலுற, குடும்பத்தைத் துன்பம் சூழ்ந்தது. ஆயினும் அக்காலப் பகுதியில் மகளிர் விளையாட்டு வளர்ந்தது. டானா தங்கம் வென்ற 1952இல் மகளிர் மெய்வல்லுநர் போட்டிகள் ஒன்பது. 1960இல் 800 மீற்றர் மீண்டது. 1964இல் 400 மீற்றரும் ஐந்தம்சப் போட்டியும், 1972இல் 1,500 மீற்றரும் 4 x 400 மீற்றர் அஞ்சலோட்டமும் சேர, தொகை பதினான்காயிற்று. இவை ஒருவரால் மட்டும் நிகழ்ந்தவையல்ல. பல நாட்டுப் பெண்களின் கூட்டு முயற்சியின் விளைவு. அம்முயற்சியிலே களத்தில் வியர்வை சிந்திய ஒருவரின் அனுபவமும் சேர்ந்தது என்பதே நாம் கருதத்தக்கது.

வாயில்கள் ஒரே நாளில் திறக்கவில்லை. மகளிர் மரதன் 1984இலும், முப்பாய்ச்சல் 1996இலும், சம்மட்டி எறிதலும் கோலூன்றிப் பாய்தலும் 2000ஆம் ஆண்டிலுமே ஒலிம்பிக்கில் இடம்பெற்றன. இவற்றையெல்லாம் கண்டு, 2020ஆம் ஆண்டு மார்ச் மாதம், 97ஆம் வயதிலே அம்மையார் மறைந்தார்.

இளைஞர்காள்! மைதானத்திலே உங்கள் சகோதரியர் ஓடும்போது கைதட்டுவதோடு நின்றுவிடாதீர்கள். அவர்கள் பயில நேரமும் இடமும் கிடைக்கின்றனவா என்று பாருங்கள். பெரியோர்களே! உம்மால் இயலாது என்று ஒரு பெண் பிள்ளைக்குச் சொல்லுமுன் அந்த 32 ஆண்டுகளை நினைந்து பாருங்கள். அத்தனை ஆண்டுகள் மறுக்கப்பட்டது ஓர் ஓட்டம் மட்டுமன்று. ஓடியிருக்கக்கூடிய ஒரு தலைமுறையின் வாழ்வுமாகும்.