உயிர் நீத்த உடல் யாருக்கு உரியது?

மதுரையில் வைகையின் வடகரையிலே, கால்நடையாகச் சுற்றி வந்துவிடக்கூடிய ஓர் எல்லைக்குள் மூன்று இடங்கள் அமைந்திருக்கின்றன. ஒன்று கோரிப்பாளையம் தர்கா. 'கோர்' என்னும் பார்சிச் சொல்லுக்குக் கல்லறை என்பது பொருள். அப்பகுதியின் பெயர் அதிலிருந்தே பிறந்தது என்பர். மற்றொன்று அமெரிக்கன் கல்லூரி. 1834இல் மதுரைக்கு வந்த அமெரிக்க கிறித்தவ மிஷனின் கல்விப் பணியில் 1881இல் பசுமலையில் தோன்றி, பின்னர் நகருக்கு இடம் மாறியது அது. மூன்றாவது, ஒரு காலத்தில் எர்ஸ்கின் மருத்துவமனை என்று வழங்கப்பெற்று, இன்று இராஜாஜியின் பெயர் தாங்கி நிற்கும் அரசு மருத்துவமனை. 1954இல் தொடங்கிய மதுரை மருத்துவக் கல்லூரி இதனோடு இணைந்தது.

அடக்கத்தலம் ஒன்று, வேதம் பரப்ப வந்தோரின் கல்லூரி ஒன்று, எம்மதமும் சாராத அரசின் மருத்துவமனை ஒன்று. இம்மூன்றும் மிகப் பழைய ஒரு வினாவுக்கு மூன்று விதமாக விடை சொல்லி வந்திருக்கின்றன. உயிர் பிரிந்த பின் எஞ்சும் இந்த உடல் யாருக்கு உரியது? அதைத் தொடவும் அறுக்கவும் அதிலிருந்து ஒன்றை எடுக்கவும் யாருக்கு உரிமை?

இது ஏட்டளவில் நிற்கும் வினா அன்று. விபத்தில் அடிபட்ட மகன் மூளைச் சாவு அடைந்துவிட்டான் என்று மருத்துவர் சொல்லி, உறுப்புகளைத் தர இசைவீர்களா என்று கேட்கும்போது, அல்லது வீட்டில் மௌத்தான பெரியவரின் கண்களைத் தருவீர்களா என்று உற்றாரில் ஒருவர் மெல்லக் கேட்கும்போது, வீட்டார் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்கின்றனர். கண்ணில்லாமல் கபருக்குள் வைத்தால், கண்ணில்லாமலே மஹ்ஷரில் எழுப்பப்படுவாரோ என்ற அச்சம் ஒரு மூலையிலிருந்து எழும். அதற்கு விடை சொல்ல அந்த நேரத்தில் யாருக்கும் நா எழாது.

மறுபிறவியை நம்புவோருக்கு இந்த அச்சம் இந்த வடிவில் இல்லை. அவர்களுக்கு உடல் களைந்த ஆடை. மறுமையே இல்லை என்போருக்கும் இல்லை. உடலோடு எழுப்பப்படுவோம் என்று நம்புகிற சமூகத்தாருக்கே இது பெருந் தடையாகத் தோன்றும். அவ்வகையில் கிறித்தவர்கள் நம்மைப் போன்றவர்களே. அவர்கள் இவ்வினாவை எவ்வாறு கடந்தனர் என்ற வரலாறு நமக்கு அயலானது அன்று.

இத்தாலியில் பிறந்த இராபர்ட் தே நொபிலி என்னும் யேசு சபைத் துறவி 1606இல் மதுரைக்கு வந்தார். தத்துவ போதகர் என்று தமிழ்ப் பெயர் பூண்டு, காவி உடுத்தி, புலால் துறந்து வாழ்ந்த அவர், தமிழ் உரைநடையில் பல நூல்கள் இயற்றினார். அவற்றுள் 'ஆத்தும நிர்ணயம்' ஆன்மாவின் இயல்பைப் பற்றியது; 'புனர்ஜென்ம ஆக்ஷேபம்' மறுபிறவிக் கொள்கையை மறுப்பது. மதுரையில் அவர் முதலாவதாக மோத வேண்டியிருந்த கொள்கைகளுள் இது ஒன்றாயிருந்தமை வியப்பன்று. ஓர் ஆன்மா, ஓர் உடல், ஒரு வாழ்வு, ஒரு தீர்ப்பு என்னும் கொள்கை உடையவர்க்குப் பல உடல்கள் மாறிவரும் ஆன்மா என்பது பொருந்தாது. ஆன்மா உடலுக்குள் குடியிருக்கும் விருந்தாளி அன்று, அந்த உடலை உடலாக்குவதே அது என்பது அவர் பயின்ற தாமஸ் அக்வினாஸின் தத்துவம். உடலுக்கு இத்துணை மதிப்புத் தரும் ஒரு கொள்கை, அவ்வுடல் சிதைக்கப்படுவதை எப்படிப் பொறுக்கும்?

இவ்விடத்தில் சற்றுப் பின்னோக்கிச் செல்ல வேண்டும். கி.பி. 410இல் கோத்தியர் உரோமாபுரியைச் சூறையாடினர். கிறித்தவர் பலரின் சடலங்கள் அடக்கம் செய்வாரின்றிக் கிடந்தன. அவர்களின் உயிர்த்தெழுதல் என்னாகும் என்ற கலக்கம் பரவியது. வட ஆப்பிரிக்காவில் ஆயராக இருந்த அகுஸ்தீன் இதற்கு விடை எழுதினார். புதைக்கப்படாமை இறந்தவருக்கு யாதொரு இழப்பும் அன்று. இல்லாமையிலிருந்து படைத்தவனுக்குச் சிதறியதைச் சேர்ப்பது அரிதன்று என்பது அவர் வாதத்தின் சாரம். ஒரு மனிதனின் தசையை மற்றொரு மனிதன் பஞ்சத்தில் உண்டுவிட்டால் அது யாருக்குத் திரும்பும் என்ற விபரீதக் கேள்வியையும் அவர் விட்டுவைக்கவில்லை; முதலில் யாருடையதோ அவருக்கே என்றார். உறுப்பு மாற்று மருத்துவத்தைக் கனவிலும் காணாத காலத்தில், அதற்கான விடையைத் தந்துவிட்டார் என்றே சொல்லலாம். எனினும் அடக்கம் செய்வது வீண் என்று அவர் சொல்லவில்லை. உடலுக்குச் செய்யும் மரியாதை இருப்போரின் கடமை. ஆனால் இறந்தவரின் ஈடேற்றம் அதைச் சார்ந்ததன்று. இவ்விரண்டையும் அவர் பிரித்து வைத்ததுதான் பின்னால் வந்த அனைத்துக்கும் அடித்தளம்.

திருச்சபை உடலை அறுத்து ஆராய்வதைத் தடைசெய்தது என்று பலர் எழுதுவதுண்டு. அதற்கு ஆதாரமாகக் காட்டப்படும் 1299ஆம் ஆண்டுப் போப்பாண்டவர் ஆணை, தொலைவில் இறந்தோரின் சடலங்களைக் கொதிக்கவைத்து எலும்பை மட்டும் ஊருக்குக் கொண்டுசெல்லும் வழக்கத்தைக் கண்டித்ததே அன்றி, மருத்துவக் கல்வியைப் பற்றியதன்று. அந்த ஆணைக்குப் பின் இருபதாண்டுகள் ஆகுமுன்பே இத்தாலியின் பொலோஞா நகரில் மோந்தினோ என்னும் ஆசிரியர் மாணவர் முன்னிலையில் சடலத்தை அறுத்துக் காட்டியுள்ளார்.

இடர் வந்தது மதத்திலிருந்து அன்று, சடலங்களின் தட்டுப்பாட்டிலிருந்து. இங்கிலாந்திலும் ஸ்காட்லாந்திலும் கல்லறைகளைத் தோண்டிப் பிணம் திருடி மருத்துவப் பள்ளிகளுக்கு விற்பது தொழிலாயிற்று. 1828இல் எடின்பரோ நகரில் பர்க், ஹேர் என்னும் இருவர் தோண்டும் சிரமத்தையும் விட்டுவிட்டு, 16 பேரைக் கொன்றே விற்றனர். ஜெரமி பெந்தம் என்னும் தத்துவ ஞானி இதற்கு மாற்று வழி கண்டார். மறுமையில் நம்பிக்கையற்றவர், எது பெரும்பாலோருக்குப் பயன் தருமோ அதுவே அறம் என்றவர். 1832 ஜூன் 6இல் அவர் இறந்தபோது, அவர் விருப்பப்படியே நண்பரான மருத்துவர் சௌத்வுட் ஸ்மித் அவ்வுடலை அறுத்து விரிவுரை ஆற்றினார். ஆடை அணிவித்த அவர் எலும்புக்கூடு இன்றும் இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் அமர்ந்திருக்கிறது.

சொன்னதைத் தம் உடலாலேயே செய்துகாட்டிய மனிதர் என்று அவரைப் போற்றலாம். ஆனால் அவர் வழி நின்றோர் அதே ஆண்டில் கொண்டுவந்த சட்டத்தைப் போற்ற இயலவில்லை. உரிமை கோருவாரற்ற சடலங்களை மருத்துவப் பள்ளிகளுக்குத் தரலாம் என்றது அது. உரிமை கோருவாரற்றவர் யார்? ஏழை விடுதிகளில் இறந்தவர்கள். அடக்கச் செலவுக்குக் காசின்றி உறவினர் வரமுடியாதவர்கள். செல்வந்தர் எவரும் அந்த மேசைக்கு வரவில்லை. கல்லறைக்காக ஏழைகள் கொண்டிருந்த அச்சத்தை மூடநம்பிக்கை என்று படித்தோர் நகைத்தனர். உண்மையில் அவர்களுக்கு எஞ்சியிருந்த ஒரே காப்பு அதுவாகவே இருந்தது. இந்தச் சட்டத்தின் சாயலே நம் நாட்டு உடற்கூற்றுச் சட்டங்களிலும் படிந்திருக்கிறது. 1835இல் சென்னையிலும் கல்கத்தாவிலும் மேனாட்டு மருத்துவக் கல்வி நிலைபெற்றது. 1836இல் கல்கத்தாவில் மதுசூதன குப்தர் சடலத்தை அறுத்தது சாதிக் கட்டை உடைத்த நிகழ்ச்சியாகக் கொண்டாடப்பட்டது. அந்தச் சடலம் யாருடையது என்று கேட்டவர் அரிது.

உலகியல் நோக்கினரின் உயர்ந்த முகத்தையும் காட்ட வேண்டுவது நீதி. உயிரியல் அறிஞர் ஜே.பி.எஸ். ஹால்டேன் 1964 டிசம்பர் 1இல் புவனேசுவரத்தில் காலமானபோது, அவர் உடல் காக்கிநாடா ரங்கராயா மருத்துவக் கல்லூரிக்குத் தரப்பட்டது. இலங்கையில் பகுத்தறிவாளராகப் புகழ்பெற்ற ஆபிரகாம் கோவூர், கேரளத்து மார்த்தோமா சபைக் குரு ஒருவரின் மகன். 1978இல் கொழும்பில் இறந்த அவர், கண்களைக் கண் வங்கிக்கும் உடலை மருத்துவக் கல்விக்கும் எழுதிவைத்திருந்தார். இவர்களுடைய நம்பிக்கையின்மையை நாம் ஏற்பதற்கில்லை. ஆனால் இவர்கள் ஏழையின் உடலைக் கேட்கவில்லை. தம் உடலைத் தந்தார்கள். மருத்துவ அறத்தின் நெடுஞ்சாலை திரும்பியது இந்த இடத்தில்தான்: கேட்பாரற்றவரிடமிருந்து எடுப்பது என்ற நிலை மாறி, தாமே முன்வந்து தருவது என்ற நிலை வந்தது.

இதற்கிடையே கண் மருத்துவம் வினாவைப் புதிதாக்கிவிட்டது. 1905இல் எட்வர்டு சிர்ம் என்பவர் ஒருவரின் விழிவெண்படலத்தை மற்றொருவருக்குப் பொருத்திப் பார்வை தந்தார். 1930களில் ஒதெசா நகர மருத்துவர் ஃபிலத்தோவ் இறந்தோரின் கண்களிலிருந்து அதனை எடுத்துப் பயன்படுத்தலாம் என்று நிலைநாட்டினார். இந்தியாவின் முதல் கண் வங்கி 1945இல் சென்னை எழும்பூர்க் கண் மருத்துவமனையில் மருத்துவர் முத்தையாவின் முயற்சியால் அமைந்தது.

1956 மே 14இல் போப்பாண்டவர் பன்னிரண்டாம் பயஸ் கண் மருத்துவர்களிடமும் கண் தானச் சங்கத்தாரிடமும் ஆற்றிய உரை, கிறித்தவ நோக்கைத் தெளிவாக வகுத்தது. இறந்த உடல் உரிமைகள் உடைய ஓர் ஆள் அன்று. ஆகவே அதிலிருந்து எடுப்பது அதற்கு இழைக்கும் அநீதியாகாது. எனினும் அழியாத ஆன்மா குடியிருந்த இல்லம் என்பதால் அதற்கு மரியாதை உண்டு. தருவது நற்செயல்; கட்டாயமாக்குவது கூடாது. உறவினரின் இசைவைப் புறக்கணிக்கவும் கூடாது. பொது மருத்துவமனைகளில் இறக்கும் ஏழைகளின் உடல் மட்டும் சட்டத்தால் மருத்துவத்துக்கு ஒதுக்கப்படுவதும், வசதியுள்ளோரின் உடல் விலக்கப்படுவதும் நேர்மையன்று என்றும் அவர் சுட்டினார். 1832இன் சட்டத்துக்கு, 124 ஆண்டுகள் கழித்து ஒரு மதத் தலைவரிடமிருந்து கிடைத்த விடை அது! மறுமையை நம்பாதவரும் நம்புபவரும் இருவேறு வழிகளில் நடந்து, 'இசைவு' என்ற ஒரே வாயிலில் சந்தித்தனர்.

இனி மதுரைச் சமவெளிக்கு மீள்வோம். நெல்லும் கரும்பும் பருத்தியும் விளையும் இந்நிலத்தில், கதிரறுக்கையில் ஒரு தாள் நுனி கண்ணில் உரசினால் போதும்; அக்கீறல் வழியே பூஞ்சை புகுந்து விழிவெண்படலத்தைப் புண்ணாக்கிவிடும். 1990களில் மதுரை மாவட்டத்தில் நடந்த ஓர் ஆய்வு, ஆண்டுக்கு ஒரு லட்சம் பேரில் 113 பேருக்கு இத்தகைய புண் ஏற்படுவதாகக் கணக்கிட்டது. அமெரிக்க நகரங்களோடு ஒப்பிட இது பன்மடங்கு. புண் ஆறினாலும் வெண்தழும்பு நிற்கும். கண்ணாடி ஜன்னலில் சுண்ணாம்பு பூசியது போல் ஒளி உள்ளே புகாது. இறந்த ஒருவர் கொடுத்தாலன்றி அதற்கு மாற்றில்லை.

மதுரை அரசு மருத்துவமனையில் கண் பிரிவின் தலைவராக இருந்து ஓய்வுபெற்ற மருத்துவர் கோ. வெங்கடசாமி, வாத நோயால் முறுக்கிப்போன விரல்களோடு, 1976இல் 11 படுக்கைகளுடன் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். அங்கே 1998 முதல் கண் வங்கி இயங்கி வருகிறது. தழும்பு விழுந்த கண்ணோடு வரும் உழவருக்குப் பொருத்தப்படும் படலம் இந்துவுடையதா, கிறித்தவருடையதா, முஸ்லிமுடையதா என்று எவரும் கேட்பதில்லை. அதில் இரத்த நாளம் இல்லாமையால் இரத்த வகைகூடப் பார்க்க வேண்டுவதில்லை.

பெறுவதில் நாமும் தயங்கியதில்லை. 1961இல் மருத்துவர் ஹட்சன் சில்வா தொடங்கிய இலங்கைக் கண் தானச் சங்கம், பௌத்தர்களின் கண்களைப் பாகிஸ்தான் போன்ற முஸ்லிம் நாடுகளுக்கும் அனுப்பி வந்திருக்கிறது. பெறுவது ஆகுமானதாயிருக்கக் கொடுப்பது மட்டும் எப்படி ஆகாததாகும் என்று கேட்கும் இளைஞருக்கு விடை சொல்லியாக வேண்டும்.

நம் ஆலிம்களிடையே இதில் கருத்து வேற்றுமை உண்டு. இறந்தவரின் எலும்பை முறிப்பதை உயிருள்ளவருக்குச் செய்யும் தீங்கோடு ஒப்பிடும் நபிமொழியை முன்வைத்தும், உடல் அல்லாஹ்வின் அமானிதம் என்று கூறியும் தடுப்போர் இந்தியாவிலும் பாகிஸ்தானிலும் பலர். அவர்கள் கூற்றை எளிதாகத் தள்ளிவிட முடியாது. ஏழையின் சடலத்துக்கு நேர்ந்ததை மேலே கண்டோம். சென்னை வில்லிவாக்கத்தைக் 'கிட்னிவாக்கம்' என்று உலகம் ஏசும்படி 1980களில் நடந்த சிறுநீரக வணிகமும் நம் கண்முன் நிகழ்ந்ததே. அதன் பின்னரே, உறுப்பை விற்பதைக் குற்றமாக்கி, மூளைத்தண்டுச் சாவையும் சாவென ஏற்ற 1994ஆம் ஆண்டுச் சட்டம் வந்தது. மறுபுறம், இஸ்லாமிய மாநாட்டு அமைப்பின் பிக்ஹு அகாடமி 1988 பிப்ரவரியில் ஜித்தாவில் கூடி, இறந்தவர் முன்னரே இசைந்திருந்தாலோ வாரிசுகள் இசைந்தாலோ, விலை பேசாமல், இறந்தவரின் உறுப்பைத் தேவையுடையவருக்குப் பொருத்தலாம் என்று தீர்மானித்தது.

எந்தக் கருத்தைப் பின்பற்றுவது என்பது அவரவர் நம்பும் ஆலிமைக் கேட்டு அறிய வேண்டியது. ஆனால் 'குறையோடு எழுப்பப்படுவார்' என்ற அச்சம் அவ்விவாதத்தில் இடம்பெறத் தக்கதன்று. மரணத் தறுவாயில் நம் வீடுகளில் ஓதப்படும் யாசீன் அத்தியாயத்தின் இறுதிப் பகுதியே, மக்கிப்போன எலும்புக்கு உயிர் கொடுப்பவன் யார் என்று ஏளனமாகக் கேட்டவனுக்குரிய விடையைத் தாங்கியிருக்கிறது. அகுஸ்தீனைத் தேடிப் போகாமலே அவ்விடை நம் இல்லத்தில் ஒலித்துக்கொண்டிருக்கிறது. பொருள் அறிந்து கேட்போர் எத்தனை பேர்?

ஒரு செய்தி மட்டும் எஞ்சுகிறது. வீட்டுப் பெண்டிர் அடிக்கடி கேட்பது. கண்ணை எடுத்தால் முகம் சிதைந்துவிடுமா, அடக்கம் தாமதமாகுமா என்பர். இறந்த 6 மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டும். உடலை எங்கும் கொண்டுபோக வேண்டுவதில்லை. 2011ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தின்படி பயிற்சி பெற்ற உதவியாளரே வீட்டுக்கு வந்து செய்யலாம். கால் மணி அல்லது சற்றுக் கூடுதலான நேரம் ஆகும். இமைகள் மூடியபடியே இருக்கும். அதன் பின்னர் வழக்கம்போல் குளிப்பாட்டிக் கபனிட்டு, அடுத்த தொழுகை வக்துக்கு ஜனாஸாவைப் பள்ளிவாசலுக்கு எடுத்துச் செல்ல நேரம் இருக்கும்.