நீரிழிவும் முதியோர் சிந்தனையும்: காலந்தாழ்ந்த ஒரு வினா

நீரிழிவின் வரலாறு பெரும்பாலும் இன்சுலினின் வெற்றி வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. 1921இல் ரொறொன்ரோப் பல்கலைக்கழகத்தில் பான்ரிங், பெஸ்ற் ஆகியோர் தொடங்கிய ஆய்வு, 1922 சனவரியில் 14 வயதுச் சிறுவன் ஒருவனின் உயிரைக் காத்தது. அதே ஆண்டில், பொஸ்ரன் நகரைச் சேர்ந்த மைல்ஸ், றூட் என்னும் இருவர் நீரிழிவு நோயாளரை உளவியற் சோதனைகளுக்கு உட்படுத்தி, அவர்களது நினைவாற்றலும் கவனமும் குன்றியிருத்தலை வெளியிட்டனர். முதலாவது செய்தி உலகறிந்தது. இரண்டாவது நெடுங்காலம் கவனிப்பாரற்றுக் கிடந்தது.

இதற்குரிய காரணங்கள் மனங்கொள்ளத்தக்கவை. இன்சுலினுக்கு முன்னர், இளமையில் இந்நோயுற்றோர் முதுமையை எட்டவில்லை. முதுமையில் நோயுற்றோரின் மறதியோ மூப்பின் இயல்பென ஒதுக்கப்பட்டது. மேலும், மூளை இன்சுலினை வேண்டாத உறுப்பு என்னும் கருத்தே மேலோங்கியிருந்தது. எலியின் மூளையில் இன்சுலின் ஏற்பிகள் உள்ளமை 1978இல் அறியப்பட்டபின் அக்கருத்துத் தளரலாயிற்று.

1999இல் வெளியான றொட்டர்டாம் ஆய்வு, 6,000க்கு மேற்பட்ட முதியோரை ஆராய்ந்து, நீரிழிவுடையோர் மறதிநோய்க்கு உட்படும் வாய்ப்பு ஏறத்தாழ இருமடங்கெனக் காட்டிற்று. மூளையின் நுண்குருதிக்கலன்கள் பழுதுறுவதால் சிந்தனையின் வேகமும் திட்டமிடும் ஆற்றலும் தளர்வது இதற்குரிய விளக்கங்களுள் ஒன்றாகும்.

அவ்வாறாயின், குருதியின் குளுக்கோசைக் கடுமையாகக் குறைத்தால் போதுமா? 2011இல் வெளியான அக்கோட் மைன்ட் ஆய்வில், கடுமையான கட்டுப்பாடு சிந்தனையாற்றலை மேம்படுத்தவில்லை. மாறாக, குளுக்கோசு மிகத் தாழ்ந்து மருத்துவமனையை நாடிய முதியோரிடையே மறதிநோய் கூடுதலாகக் காணப்பட்டதென 2009இல் கலிபோர்னியாவிலிருந்து வெளிவந்த ஆய்வொன்று எடுத்துக்காட்டியது.

இவ்விடத்தில் ஒரு முரண்பாட்டை நாம் எதிர்கொள்கிறோம். வேளை தவறாது மருந்தேற்றலும் உணவை அளந்துண்ணலும் நோயாளியின் நினைவையே நம்பியுள்ளன. அந்நினைவையே நோய் அரிக்கின்றது. உண்டதை மறந்து ஊசியை இருமுறை ஏற்றிக்கொள்ளும் முதியவரைக் கவனமற்றவரெனக் கடிந்துகொள்வது, நோயின் விளைவை நோயாளியின் குற்றமாக்குவதேயாகும்.

65 வயதைக் கடந்த நீரிழிவு நோயாளரின் சிந்தனையாற்றலை ஆண்டுதோறும் சோதித்தல் வேண்டுமெனவும், அது தளர்ந்தோர்க்குச் சிகிச்சையை எளிமையாக்குதல் வேண்டுமெனவும் அமெரிக்க நீரிழிவுச் சங்கம் இன்று பரிந்துரைக்கின்றது. 1922இல் எழுப்பப்பட்ட வினா இவ்வாறு சிகிச்சை நெறியாவதற்குப் பல தசாப்தங்கள் சென்றன. குருதியை அளக்கும் மருத்துவம் அக்குருதியால் வாழும் மனிதரின் சிந்தனையையும் அளத்தல் வேண்டும் என்பதே இவ்வரலாற்றிலிருந்து நாம் பெறும் முடிபாகும்.