ஒரு மனுவின் கதை

காரியாபட்டி, திருச்சுழி, அருப்புக்கோட்டை வட்டாரத்தில் மழையைவிட மனு அதிகம் என்று சொன்னால் மிகையாகாது. கண்மாய் வறண்டால் மனு. வரத்துக் கால்வாய் தூர்ந்தால் மனு. ரேஷன் கார்டில் பெயர் தப்பாக விழுந்தால் மனு. தாலுகா ஆபீஸ் மரத்தடியில் உட்கார்ந்து மனு எழுதித் தருகிறவரை இந்தப் பக்கத்து ஜனங்கள் லேசாக நினைப்பதில்லை. நினைக்கவும் கூடாது. ரமண மகரிஷியின் தகப்பனார் சுந்தரமய்யர் யார்? திருச்சுழிச் சீமையில் மாதம் 2 ரூபாய் சம்பளத்துக்குக் கணக்கரிடம் குமாஸ்தாவாக இருந்து, பிறகு மனு எழுதிப் பிழைத்து, அந்த அநுபவத்தின் பேரிலேயே வக்கீல் தொழில் பார்க்க அநுமதி பெற்றவர் அல்லவா?

மனு என்றால் கைகட்டிக் கெஞ்சுவது என்றே நம்மில் பலர் எண்ணுகிறோம். நிமிர்ந்து நின்று கேள்வி கேட்கிற மனுவும் உண்டு. 1979-ஆம் வருஷம் செப்டம்பர் மாதத்தில் அப்படி ஒன்று, இந்தத் தேசத்தின் தலைமை நீதிபதிக்கே போயிற்று. எழுதியவர்கள் நான்கு சட்ட ஆசிரியர்கள். அந்த நால்வரில் ஒருவர் லோதிகா சர்க்கார் அம்மையார்.

பெயரில் சர்க்கார் இருக்கிறதே தவிர, அம்மையார் எந்தச் சர்க்காருக்கும் பயந்தவர் அல்ல. 1923-ல் வங்காளத்தின் உயர்ந்த குடும்பம் ஒன்றில் பிறந்தார். கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையில் சட்டம் படித்துப் பட்டம் பெற்ற முதல் இந்தியப் பெண்மணி அவர்தான். அத்தகைய படிப்பு இருந்தால் பெரிய கோர்ட்டில் கறுப்பு அங்கி மாட்டிக்கொண்டு பெரும் பணம் சம்பாதித்திருக்கலாம். அவரோ சாக்கட்டியைக் கையில் எடுத்தார். டில்லி சர்வகலாசாலையின் சட்டப் பகுதியில் பாடம் சொன்ன முதல் பெண் அவரே. அவர் கற்பித்தது குற்றவியல் சட்டம். பெண்களுக்கு ஏற்றதல்ல என்று அக்காலத்துப் பெரியவர்கள் முகம் சுளித்திருக்கக்கூடிய பாடம்.

1971-ல் இந்தியப் பெண்களின் நிலையை ஆராய மத்திய சர்க்கார் ஒரு குழு அமைத்தது. அம்மையார் அதில் அங்கத்தினர். ராஜ்யம் ராஜ்யமாகச் சுற்றிப் பெண்களிடம் நேரில் கேட்டறிந்தார்கள். 1974-ன் இறுதியில் வந்த அறிக்கை பலருடைய நித்திரையைக் கலைத்தது. 1901-ல் ஆயிரம் ஆண்களுக்கு 972 பெண்கள் இருந்த நாட்டில், 1971-ல் 930 பேர்தான். சுதந்திரம் வந்தது, சட்டங்கள் வந்தன. பெண்கள் மட்டும் குறைந்துகொண்டே போனார்கள்! சட்டசபைகளில் பெண்களுக்குத் தனி ஒதுக்கீடு வேண்டாம் என்று குழுவின் பெரும்பான்மை முடிவு செய்தபோது, அம்மையாரும் வீணா மஜும்தாரும் இணங்க மறுத்து மாற்றுக் குறிப்பு எழுதி வைத்தார்கள். அப்போது அதைப் பொருட்படுத்தியவர் சிலரே. 1993-ல் அரசியல் சட்டத் திருத்தம் உள்ளாட்சி ஸ்தாபனங்களில் மூன்றில் ஒரு பங்கு இடங்களைப் பெண்களுக்குக் கொடுத்தது; தமிழ்நாடு 2016-ல் அதைப் பாதியாக உயர்த்தியது. இன்று பஞ்சாயத்து நாற்காலியில் உட்கார்ந்து குடிநீர்க் குழாய்க்காக அதிகாரியோடு வாதாடுகிற பெண்ணுக்கு அந்தக் குறிப்பைப் பற்றித் தெரிந்திருக்க நியாயமில்லை.

இனி அந்த மனுவுக்கு வருவோம்.

1972 மார்ச் 26. மகாராஷ்டிரத்தில் தேசாய்கஞ்ச் என்ற ஊரின் போலீஸ் ஸ்டேஷன். ஒரு புகாரின் பேரில் ஆதிவாசிப் பெண் ஒருத்தியை விசாரிக்க அழைத்திருந்தார்கள். வயது பதினாலிலிருந்து பதினாறுக்குள். தாய் தகப்பன் இல்லை. அண்ணனோடு இருந்து கூலி வேலை செய்து பிழைத்தவள். கரிமூட்டத்துக்கும் செங்கல் சூளைக்கும் போகிற நம் கரிசல் காட்டுப் பெண்களில் ஒருத்தியை நினைத்துக்கொள்ளுங்கள், அவளேதான். விசாரணை முடிந்த ராத்திரி வேளையில் உடன் வந்தவர்களை வெளியே அனுப்பிவிட்டு, அவளை மட்டும் உள்ளே நிறுத்திக்கொண்டார்கள். காவல் காக்க வேண்டியவர்களே அவளைக் கெடுத்தார்கள் என்பது வழக்கு.

செஷன்ஸ் கோர்ட் இரண்டு போலீஸ்காரர்களையும் விடுதலை செய்தது. ஹைகோர்ட் தண்டித்தது. 1978 செப்டம்பரில் சுப்ரீம் கோர்ட் மறுபடியும் விடுதலை செய்தது. என்ன காரணம்? அவள் உடம்பில் காயம் இல்லையாம். கூச்சல் போட்டதற்குச் சாட்சி இல்லையாம். ஆகவே அவள் எதிர்க்கவில்லை என்று கொள்ள வேண்டுமாம்!

ஒரு வருஷம் அந்தத் தீர்ப்பு சட்டப் புத்தகத்தில் நிம்மதியாகத் தூங்கிற்று. டில்லியிலிருந்து உபேந்திர பக்ஷி, ரகுநாத் கேல்கர், லோதிகா சர்க்கார், புனாவிலிருந்து வசுதா தாகம்வார் ஆகிய நால்வரும் சேர்ந்து தலைமை நீதிபதிக்கு ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார்கள். பூட்டிய ஸ்டேஷனுக்குள் போலீஸ்காரர்களிடம் அகப்பட்ட சிறு பெண் யாரைக் கூப்பிட்டுக் கூச்சல் போடுவாள் என்று கேட்டார்கள். பயந்து அடங்கிப் போவதும் சம்மதிப்பதும் ஒன்றாகுமா என்று கேட்டார்கள். பெண்ணை விசாரிக்க வேண்டுமானால் அவள் இருப்பிடத்துக்குப் போய்த்தான் விசாரிக்க வேண்டும் என்று சட்டம் சொல்லும்போது, ராத்திரியில் ஸ்டேஷனுக்கு அழைத்ததைப் பற்றிக் கோர்ட் ஒரு வார்த்தை கண்டிக்கவில்லையே என்றும் கேட்டார்கள். நீதிபதிகள் ஆகப்போகிற பிள்ளைகளுக்குப் பாடம் சொல்கிறவர்கள், நீதிபதிகளுக்கே பாடம் சொன்னார்கள்!

கோர்ட் வழக்கை மீண்டும் எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் கடிதம் பத்திரிகைகளில் வந்தது. 1980 மார்ச் 8-ந் தேதி, மகளிர் தினத்தன்று, பல நகரங்களில் பெண்கள் தெருவில் இறங்கினார்கள். 1983-ல் பார்லிமெண்ட் சட்டத்தைத் திருத்தியது. காவலில் இருந்த பெண், தான் சம்மதிக்கவில்லை என்று கோர்ட்டில் சொன்னால் அதையே உண்மையென்று கொண்டு தொடங்க வேண்டும். மாறாக நிரூபிப்பது எதிரியின் பாடு. குற்றம் செய்தவன் போலீஸ்காரனானால் குறைந்தபட்சத் தண்டனை 10 வருஷம். விசாரணை மூடிய அறையில் நடக்க வேண்டும். பாதிக்கப்பட்டவளின் பெயரைப் பத்திரிகையில் அச்சிடக் கூடாது.

இவ்வளவு நடந்தும் அந்தப் பெண்ணுக்கு என்ன கிடைத்தது? ஒன்றும் இல்லை. அவள் வழக்கில் விடுதலையானவர்கள் விடுதலையானவர்களே. பெயரை மறைக்கச் சொல்லும் சட்டம் யாரால் வந்ததோ, அவளுடைய பெயர் மட்டும் அந்த வழக்கின் பெயராகவே நிலைத்துவிட்டது. நான் அதை இங்கே எழுதப் போவதில்லை. அந்தச் சட்டத்துக்கு அவளிடத்தில் இவ்வளவாவது கடன் இருக்கிறது.

லோதிகா அம்மையார் அதன் பிறகும் ஓயவில்லை. வீணா மஜும்தார் முதலியோருடன் சேர்ந்து 1980-ல் டில்லியில் பெண்கள் வளர்ச்சி ஆராய்ச்சி நிலையத்தைத் தோற்றுவித்தார். 2013 பிப்ரவரி 23-ல், 90-வது வயதில் காலமானார். டில்லி பஸ்ஸில் நடந்த கொடுமையால் நாடே கொதித்துக்கொண்டிருந்த சமயம் அது. அடுத்த ஏப்ரலில் வந்த சட்டம், உடம்பால் எதிர்க்கவில்லை என்ற ஒன்றை மட்டும் கொண்டு சம்மதம் என்று முடிவு கட்டக் கூடாது என்று தெளிவாக எழுதிற்று. 2024 ஜூலையில் இந்தியத் தண்டனைச் சட்டம் போய்ப் புதுச் சட்டம் வந்தபோதும் அந்த வாசகம் அழியவில்லை. 1979-ல் நான்கு வாத்தியார்கள் கேட்ட கேள்விக்குப் பதில் வர 34 வருஷம் பிடித்தது.

காரியாபட்டித் தாலுகா ஆபீஸ் வாசலில் இன்றைக்கும் யாராவது ஒரு பெண் மனுவும் கையுமாக நின்றுகொண்டிருப்பாள். பல தடவை வந்து அலுத்துப் போனவளாகவும் இருக்கலாம். அவளைப் பார்த்து, "இதனால் என்ன ஆகப் போகிறது, அம்மா?" என்று மட்டும் யாரும் கேட்டுவிட வேண்டாம்.