ஐநெட்-டி அமைவு மேலாண்மை

யூனிக்ஸ், லினக்ஸ் கணினிகளில் பிணைய இணைப்புகளுக்காகக் காத்திருந்து, இணைப்பு வந்ததும் உரிய சேவை நிரலை இயக்கிவிடும் பின்னணி நிரல் ‘இணைய சூப்பர் சர்வர்’ எனப்படும். இவ்வேலையைச் செய்யும் மென்பொருள்கள் பல உண்டு. ஒன்றை நீக்கிவிட்டு மற்றொன்றை நிறுவிக்கொள்ளலாம். மென்பொருள் மாறினாலும், புதுப்பிக்கப்பட்டாலும், எந்தச் சேவை திறந்திருக்க வேண்டும், எது மூடியிருக்க வேண்டும் என்று நிர்வாகி எடுத்த முடிவு மாறாமல் காப்பதே இந்த மேலாண்மையின் நோக்கம். டெபியன் லினக்ஸின் ‘அப்டேட்-ஐநெட்-டி’ கட்டளை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு.

தோற்றம்

எஃப்டிபி, டெல்நெட், ஃபிங்கர் என ஒவ்வொரு சேவைக்கும் தனித்தனி நிரல் எந்நேரமும் ஓடிக்கொண்டிருந்தால், அரிதாகவே அழைக்கப்படும் சேவையும் நினைவகத்தில் இடம்பிடிக்கும். பெர்க்லியிலுள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்திலிருந்து 1986இல் வெளிவந்த 4.3 பிஎஸ்டி, ஐநெட்-டி என்ற ஒரே நிரலை எல்லாச் சேவைகளுக்கும் வாயிற்காவலாக நிறுத்தியது. அதன் அமைவுக் கோப்பில் சேவைக்கு ஒரு வரி. சேவையின் பெயர், சாக்கெட் வகை, நெறிமுறை, நிரல் முடியும்வரை காத்திருப்பதா இல்லையா, எந்தப் பயனர் பெயரில் ஓட வேண்டும், நிரலின் பாதை, அதற்குத் தரவேண்டிய அளவுருக்கள் ஆகியவை அவ்வரியில் வரிசையாக இடம்பெறும். ஒரு சேவையை நிறுத்த வரியின் தொடக்கத்தில் # குறி இட்டு, கோப்பை மீண்டும் படிக்கும்படி ஐநெட்-டிக்கு சிக்னல் அனுப்பினால் போதும்.

மாற்று மென்பொருள்கள்

ஐநெட்-டியின் மூல வடிவத்தில், யார் இணைகிறார்கள் என்று பார்த்து அனுமதிக்கும் வசதி இல்லை. நெதர்லாந்தின் ஐந்தோவன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் வீட்ஸ வெனெமா 1990இல் எழுதிய டிசிபி ராப்பர் அக்குறையைத் தீர்த்தது. அமைவு வரியில் சேவை நிரலின் பாதை இருந்த இடத்தில் ராப்பரின் பாதையை எழுதினால், அது இணைப்பைச் சோதித்த பின்னரே சேவையை இயக்கும். சர்வரையோ சேவை நிரலையோ திருத்தத் தேவை இருக்கவில்லை.

பானோஸ் சிரிகோட்டிஸ் உருவாக்கிய எக்ஸ்ஐநெட்-டி, அணுகல் கட்டுப்பாட்டையும் நேரக் கட்டுப்பாட்டையும் தனக்குள்ளேயே கொண்டிருந்தது. வரிகளுக்குப் பதிலாக அடைப்புக்குறிக்குள் அமையும் பத்திகளையும், சேவைக்கு ஒரு கோப்பு வைத்துக்கொள்ளும் தனி அடைவையும் பயன்படுத்தியது. 2000இல் வெளியான ரெட் ஹாட் லினக்ஸ் 7 இதை ஏற்றது. அன்று முதல் ஒரே தகவலை இரு வேறு வடிவங்களில் எழுதவேண்டிய நிலை பரவலாயிற்று.

டெபியனின் தீர்வு

1993இல் இயன் மர்டாக் தொடங்கிய டெபியனில், ஐநெட்-டி வழியாக இயங்கும் எந்தப் பொதியும் பொது அமைவுக் கோப்பைத் தொடவேண்டியிருந்தது. பொதிகளின் நிறுவல் நிரல்கள் அக்கோப்பை நேரடியாகத் திருத்தக் கூடாது. அப்டேட்-ஐநெட்-டி அல்லது அதற்கு அடிப்படையான பெர்ல் தொகுதி வழியாகவே திருத்த வேண்டும் என்று டெபியன் கொள்கை ஆவணம் விதித்தது.

விதியின் தேவை புதுப்பித்தலின்போது புலப்படும். பழைய பதிப்பு விலகும் நேரத்தில் சேவை அணைக்கப்பட்டு, புதிய பதிப்பு அமர்ந்ததும் மீண்டும் இயக்கப்படும். நிர்வாகி பாதுகாப்புக் கருதி மூடிவைத்த டிஎஃப்டிபி சேவையும் இந்தச் சுழற்சியில் திறந்துகொண்டால், அவர் அறியாமலே கணினி வெளியாருக்குத் திறந்துவிடும். எனவே கட்டளை தான் அணைத்த வரிகளுக்கு ‘#<ஆஃப்>#’ என்ற தனி அடையாளம் இட்டது. மீண்டும் இயக்கும்போது அந்த அடையாளமுள்ள வரிகளை மட்டுமே திறந்தது. வெறும் # இட்ட வரி மனிதர் எடுத்த முடிவாகக் கருதப்பட்டு, தொடப்படாமல் விடப்பட்டது.

பின்னர் ஓப்பன்பிஎஸ்டி-ஐநெட்-டி, குனு இன்எட்யூட்டில்ஸின் ஐநெட்-டி, ஆர்எல்ஐநெட்-டி, எக்ஸ்ஐநெட்-டி ஆகியவை ஒரே மெய்நிகர்ப் பொதியின் பெயரில் சேர்ந்தன. சேவைப் பொதிகள் அப்பொதுப் பெயரைச் சார்ந்திருந்தால் போதுமானது. அப்டேட்-ஐநெட்-டியும் தனிப் பொதியானது. எக்ஸ்ஐநெட்-டியோ இணக்க முறையில் பழைய வரி வடிவக் கோப்பையும் படிக்க வல்லது.

சாக்கெட் வழி இயக்கம்

ஆப்பிள் 2005இல் மேக் ஓஎஸ் எக்ஸ் 10.4உடன் வெளியிட்ட லாஞ்ச்-டி, ஐநெட்-டியின் வேலையையும் தன்னுள் சேர்த்துக்கொண்டது. 2010இல் அறிமுகமான சிஸ்டம்-டி அதே வழியில் சென்றது: சாக்கெட்டுக்கு ஒரு கோப்பு, சேவைக்கு ஒரு கோப்பு. இணைப்புக்கு ஒரு நிரல் என்ற பழைய முறையையும் அதில் அமைக்கலாம். 2015இல் வெளியான டெபியன் 8 முதல் சிஸ்டம்-டியே இயல்பிருப்பு.

வடிவங்கள் மாறினாலும் அடிப்படை நெறி மாறவில்லை. டெபியனில் சிஸ்டம்-டி சேவைகளை நிறுவும் துணைக்கருவி, சேவையை நிர்வாகி முன்பே முடக்கியிருக்கிறாரா என்று பதிவைப் பார்த்துவிட்டே புதுப்பித்தலின்போது அதை இயக்குகிறது. ‘#<ஆஃப்>#’ அடையாளம் செய்த வேலையை இன்று செய்வது இந்தப் பதிவே.